தெக்லாக்காவின் இரும்புக் கொழுந்தன்மார்

மார்ச் 1, சனி

சேசு மரி சூசை துணை.

காஸ் மாற்றினேன். போன உருளை நாற்பத்தொரு நாள் வந்திருக்கிறது. குடிதண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கினோம். பின்னால் எடுத்து வாசித்தால் எனக்கே விளங்க வேண்டும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். எங்கள் மாடியில் குடியிருக்கும் சுடர்க்கொடி ஈரோட்டுப் பெண், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். சுண்டுவிரல் உயரத்துக்குப் பொம்மை அச்சடிக்கும் இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறாள். எங்கோ வானத்தில் ஒரு கோளில் இறங்கி இரண்டு படைகள் சண்டை போடும் மேசை விளையாட்டு அது. பெங்களூரில் கூட்டாளிகளோடு ஆடுவாளாம். தூத்துக்குடியில் ஆள் கிடைக்காமல் என்னையும் தெக்லாக்காவையும் பிடித்துப் பழக்கினாள். தெக்லாக்கா அடுத்த தெரு. என்னைவிட நாலு வயது மூப்பு. கோயில் பூசையில் இருபது வருசமாக வேத வாசகம் வாசிக்கிறவள்.

விதிப் புத்தகம் இங்கிலீஷில் எண்பது பக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் ஜெபப் புத்தகத்தையும் அகராதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானாகப் படித்ததுதான். அதை வைத்தே எண்பது பக்கத்தையும் பதினோரு பக்கத் தமிழாக எழுதிவிட்டேன். “ஆன்ட்டி, மூலத்தைவிட இது தெளிவா இருக்குங்க” என்றாள் சுடர். பெருமை பாவம், எழுதக்கூடாது. எழுதிவிட்டேன்.

சுருக்கம் இது. ஆளுக்கு ஐந்து பொம்மை. ஒரு முறைக்கு ஆறு அங்குலம் நகரலாம், தையல் நாடாவால் அளக்க வேண்டும். எதிரி கண்ணுக்குத் தெரிந்தால் சுடலாம். பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால் எதிரி சாவான், குறைந்தால் பிழைப்பான். செத்தவர் திரும்பி வரமாட்டார். பலகையின் நடுவில் ஒரு கிணறு. அதை உயிரோடு முதலில் சேருகிற படைக்கு வெற்றி. தவக்காலம் முழுக்க, சனிக்கிழமைதோறும், ஒரே ஆட்டம்.

பலகை நாலடிக்கு நாலடி. அதன்மேல் கல்லுப்பைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறாள் சுடர். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஒரு பக்கம் மஞ்சள் விளக்கு, மறுபக்கம் வெள்ளை விளக்கு. அந்தக் கோளுக்கு இரண்டு சூரியனாம். ஒவ்வொரு பொம்மைக்கும் இரண்டு நிழல் விழுகிறது, ஒன்று கனத்து, ஒன்று நீர்த்து.

என் ஐந்து பேரும் பெண்கள். தண்ணீர் தேடி வந்தவர்கள். மோனிக்காள், பிரிஜித்தா, அகத்தாள், செசிலி, தெரசா என்று புனிதைகளின் பெயர் வைத்தேன். தெக்லாக்காவின் ஐந்தும் இரும்பு மனிதர்கள். தன் கொழுந்தன்மார் ஐந்து பேரின் பெயரையும் வைத்துவிட்டாள்.

“ஏன்க்கா இப்படி?” என்றேன்.

“கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இவனுவளுக்கு மீன்ல முள்ளெடுத்துக் குடுத்தே என் இளமை போச்சுட்டி. செத்தா சந்தோசம், செயிச்சாலும் சந்தோசம்.”

இன்று யாரும் சாகவில்லை.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல். தவக்காலத்துக்கு ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். “அதுல யாருக்காவது கெடுதல் இருக்காம்மா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப கோபத்தை விடுங்க” என்றார். எனக்குக் கோபம் வருவதே இல்லையே. மீனை விட்டுவிட்டேன்.

மார்ச் 8, சனி

சுடுவதற்கு முன் முழங்காலில் நின்று, நம் பொம்மையின் தலைக்கு நேராக நம் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். எதிரியின் உடம்பு நகக்கண் அளவு தெரிந்தாலும் போதும். எனக்கு ஆட்டத்திலேயே பிடித்தது இதுதான். கண்ணைத் தாழ்த்தியதும் அறை போய்விடுகிறது. பீரோ இல்லை, காற்றாடி இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை. உப்புக்கல் ஒவ்வொன்றும் குன்றாக நிற்கிறது. கொண்டல் காற்றில் ஈரம் பட்டு உப்பு வேர்த்திருந்தது. அந்தக் கோளில் விடியற்காலம் போல ஒரு மினுமினுப்பு. இன்று செசிலியின் தலைக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ, “ஆன்ட்டி, தூங்கிட்டீங்களா?” என்று சுடர் தோளைத் தட்டினாள்.

தெக்லாக்கா முழங்காலில் நிற்பதில்லை. “முட்டு வலிக்குட்டி. நீயே பாத்துச் சொல்லு, தெரியுதா இல்லையா?” பூசை முழுக்க முழங்காலில் நிற்கிறவளுக்கு இங்கே மட்டும் வலி.

“ஒன் ஆளுவ என்னட்டி, சப்பரத்துக்குப் பின்னால போற மாதிரி ஆடி ஆடி வாராளுவ!” என்று என்னைக் கேலி பேசிக்கொண்டே இருந்தாள். மோனிக்காளைச் சுட்டாள். பகடை அவள் பக்கம் உருண்டது. மூன்று விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். “அஞ்சு!” என்று கத்தினாள். சுடர் வேறு ஏதோ எடுத்துக்கொண்டிருந்தாள். மூத்தவளிடம் எப்படிச் சொல்வது? மோனிக்காளை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

அதிலிருந்து, பகடையில் விழுந்தது ஒரு வரிசை, அவள் சொன்னது ஒரு வரிசை என்று நோட்டில் கோடு போட்டுவிட்டேன். கணக்கு கணக்காக இருக்க வேண்டும்.

கடைசி முறை அகத்தாளைச் சுட்டாள். ஆறு விழுந்தது, நாலு என்றாள். அவசரக்காரி. அவரவர் பகடை அவரவர் பொறுப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

முதல் வாசகம் தெக்லாக்கா. புத்தகத்தைப் பார்க்காமல், முகத்தை நிமிர்த்தி, சனத்தைப் பார்த்தே முழுக்கச் சொன்னாள். என்ன ஒரு ஜம்பம்.

மார்ச் 12, புதன்

புளி உலர்த்தினேன். மத்தியானம் கண்ணயர்ந்தபோது கனவு. நான் ஒரு அங்குல உயரத்தில் உப்பின்மேல் நடக்கிறேன். தையல் நாடா ரோடு மாதிரி விரிந்து கிடக்கிறது. காலுக்குக் கீழே எண்கள். முப்பத்தொன்பது, நாற்பது. எனக்கு இரண்டு நிழல். இரண்டும் ஒரே பக்கம் போகவில்லை. எழுந்தபோது வாயில் உப்புக் கரித்தது.

மார்ச் 15, சனி

நான் இரண்டு கொழுந்தன்மாரைக் கொன்றேன். கஸ்பார் விழுந்ததும் தெக்லாக்கா கை தட்டினாள். “ஒழிஞ்சான்! எரால் தொக்குல உப்பு கம்மின்னு தட்டை நவுட்டுனவன்!” சுடர் சிரித்துச் சிரித்து நாடாவைக் கீழே போட்டுவிட்டாள்.

அதே சூட்டோடு பிரிஜித்தாவைச் சுட்டாள். மூன்று விழுந்து ஐந்து என்றாள். இது இரண்டாவது முறை. நான் அவள் முகத்தையே பார்த்தேன். கூச்சமே இல்லை. பகடையைக்கூடப் பார்க்காமல் என் பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள். பிரிஜித்தாவைப் பெட்டியில் வைத்தேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக, ‘தெக்லாக்கா கள்ளக் கணக்கு’ என்று தலைப்பிட்டு இரண்டையும் தேதியோடு எடுத்து எழுதினேன்.

மற்றபடி இன்று அவள் ஐந்து விழுந்து மூன்று என்று சொன்னது இரண்டு தடவை, ஆறு விழுந்து நாலு என்றது ஒரு தடவை. என் ஆட்கள் பிழைத்தார்கள். தேவனுக்குத் தோத்திரம்.

மார்ச் 19, புதன், சூசையப்பர் திருநாள்

பாயசம். தெக்லாக்காவுக்கும் ஒரு தூக்கு கொடுத்தனுப்பினேன். எனக்குக் கோபம் இல்லை என்பதற்கு இது சாட்சி.

மார்ச் 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே போனது. நடுக்கொழுந்தனை நான் சுட்டேன். அகத்தாள் கிணற்றுக்குப் பதினெட்டு அங்குலத்தில் நின்றாள். அகத்தாளை நான் எல்லாரையும்விட முன்னால் விட்டிருந்தேன். அவள் முகத்தில் சுடர் ஒரு சின்னப் புள்ளியாகப் புன்னகை வரைந்திருக்கிறாள். மஞ்சள் விளக்குப் பக்கம் திரும்பினால்தான் தெரியும்.

தெக்லாக்கா சுட்டாள். இரண்டு தடவை ஐந்தைப் போட்டு மூன்று என்றாள். ஒரு தடவை ஆறைப் போட்டு நாலு. நான் எழுதிக்கொண்டேன். கடைசி முறை பகடை உருண்டு என் பக்கமே வந்து நின்றது. மூன்று. என் மூக்குக்கு நேராக.

“அஞ்சு! அகத்தாள் காலி!” என்றாள் தெக்லாக்கா.

“மூணுக்கா.”

“அஞ்சுட்டி.”

“மூணு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன். மோனிக்காளுக்கும் மூணுதான். பிரிஜித்தாவுக்கும் மூணுதான். எல்லாம் எழுதி வச்சிருக்கேன்.” கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். “வாசிச்சுப் பாருங்க. கோயில்ல வாசகம் வாசிக்கிற வாயால இங்க கள்ளம் சொல்லுதிய.”

சுடர் எழுந்து பகடையைப் பார்த்தாள். “மூணுதாங்க” என்றாள் மெதுவாக.

தெக்லாக்கா நோட்டைத் தொடவில்லை. ரொம்பச் சாதாரணமாக, “ஆமாட்டி. கள்ளாட்டந்தான் ஆடினேன். இப்ப என்ன?” என்றாள். “எடுத்து வச்சுக்கோ ஒன் அகத்தாளை.” முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு மாடிப்படி இறங்கிப் போனாள்.

ஒத்துக்கொண்டாள். நான் சொன்னது சரி.

மார்ச் 25, செவ்வாய், மங்கள வார்த்தை திருநாள்

தெக்லாக்கா காலைப் பூசைக்கு வந்திருந்தாள். என் பக்கமாகவே நடந்து போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கள்ளம் செய்தவளுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது.

மார்ச் 28, வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்து, சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றேன். தெக்லாக்கா மூன்று முறை பொய் சொன்னதையும், நான் அதைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்ததையும், பாயசம் கொடுத்தனுப்பியதையும் வரிசையாகச் சொன்னேன். சாமியார் முழுக்கக் கேட்டார்.

“இது அவங்க பாவசங்கீர்த்தனம்மா. நீங்க உங்களோடதைச் சொல்லுங்க.”

எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீளமாக நின்றது. வந்துவிட்டேன்.

மார்ச் 29, சனி

ஆட்டம் இல்லை. நாலு சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவை மூன்று மணி வெறுமையாக இருந்தது. என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “பொம்மைக் கச்சேரி இல்லையோ?” என்றார்.

மேலே போனேன். சுடர் பலகையைக் கலைக்காமல் வைத்திருந்தாள். விளக்குப் போடவில்லை. ஒரு வாரத்து ஈரத்தில் உப்பு கசிந்து, பள்ளங்களில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் நின்றது. கொழுந்தன்மாரும் என் பெண்களும் அவரவர் இடத்தில் அப்படியே. யாரும் யாரையும் சுடாத ஒரு சாயங்காலம் அங்கே போய்க்கொண்டிருந்தது.

“நோட்டைக் காட்டுறீங்களா ஆன்ட்டி?” என்றாள் சுடர். கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். “இது வேண்டாங்க. முழுசா.”

சாமியாரிடம் காட்டவும் ஆகுமே என்று நானே உட்கார்ந்து கூட்டினேன். தெக்லாக்கா மாற்றிச் சொன்னது மொத்தம் பத்து. அவளுக்கு ஆதாயமாகச் சொன்னது மூன்று. தனக்கே நட்டமாகச் சொன்னது ஏழு. ஏழு தடவை என் ஆட்கள் சாக வேண்டியது. ஏழும் என் கையெழுத்துதான். விழுந்தது ஆறு, சொன்னது நாலு. விழுந்தது ஐந்து, சொன்னது மூன்று.

“கள்ளாட்டம் ஆடுறவங்க தனக்கே நட்டமா ஆடுவாங்களா?” என்றாள் சுடர். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அந்த ஏழு தடவையும் நான் பார்த்தேன். எழுதினேன். வாய் திறக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

முதல் வாசகம் தெக்லாக்காவுக்கு என்று போட்டிருந்தது. கடைசி நேரத்தில் உபதேசியார் தானே வாசிக்கிறேன் என்று போய்விட்டார். வானத்திலிருந்து மன்னா என்ற அப்பம் பொழிவது நின்றுபோன கதை. இரண்டாம் வாசகத்துக்குத் தெக்லாக்காவை ஏற்றிவிட்டார்கள். அவள் போய் நின்றாள். புத்தகம் முன்னால் விரிந்து கிடக்கிறது. முகத்தை நிமிர்த்தினாள். மறுபடியும் மன்னா நின்றுபோன கதையையே, முதலிலிருந்து முடிவு வரை, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

சனம் கசமுசா என்றது. யாரோ சிரித்தார்கள். தெக்லாக்கா புத்தகத்தை மூடிவிட்டு, படியைக் காலால் தேடித் தேடி இறங்கினாள்.

என் பக்கத்தில் இருந்தவள், “வயசாயிட்டுல்லா” என்றாள். நான் நோட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்துக்கு நேராக நீட்டி வாசித்துப் பாருங்க என்றேனே, அந்தப் பக்கத்தை.

மார்ச் 31, திங்கள்

பத்து மணிக்குப் போனேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போன நேரம். கதவு திறந்துதான் கிடந்தது. வாசலில் நின்றேன். தெக்லாக்கா கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

“யாரு, மீன்காரியா? இன்னைக்கு வேண்டாம்.”

நான் மூச்சு விட்டதை வைத்தே அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“எமரன்சியா?”

உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெங்காயத்தில் பாதியை என் மடியில் தள்ளினாள். இரண்டு பேரும் உரித்தோம். கண்ணீருக்கு வெங்காயம் இருந்தது, வசதியாகப் போயிற்று.

“எப்பலேருந்துக்கா?”

“வலது கண்ணு ஒரு வருசமாச்சு. இடது கண்ணு குழாய் வழியா பாக்குத மாதிரி. நடுவுல மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அதுலயும் புள்ளியெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிடும். வாசகத்தை போன்ல கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணுவேன்.”

“ஆசுபத்திரி?”

“போனா வீட்டுக்குத் தெரியும். தெரிஞ்சா மருமவ அடுப்பங்கரைப் பக்கம் விடமாட்டா. நல்லவதான், அதான் பயம். கையப் புடிச்சு உக்கார வச்சிருவா.”

“அன்னைக்கு ஏன் கள்ளாட்டம்னு ஒத்துக்கிட்டிய? கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

தெக்லாக்கா தோலை ஊதித் தள்ளினாள். “கள்ளின்னா நீ என்கூட சண்டை போடுவ. குருடின்னா என்ன பண்ணுவ? டீ ஊத்திக் குடுத்து ஓரமா உக்கார வைப்ப. ரெண்டுல எது மேலுன்னு பாத்தேன்.”

நான் அந்த ஏழு தடவையைச் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் வெங்காயத்தையே உருட்டினாள்.

“ஏழா?” என்றாள். “அப்ப நீ எப்பவோ தோத்திருக்கணும். எம்மாடி, என்னா நெஞ்சழுத்தம் ஒனக்கு!”

திட்டித் தீர்த்தாள். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வருவதாக ஒத்துக்கொண்டாள். வீட்டில் சொல்வது தன் பொறுப்பு என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரி. நான், தெக்லாக்கா, மருமகள். டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டதாம். போன பார்வை திரும்பாது. இருக்கிற அந்தக் குழாய் அளவு வெளிச்சத்தைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடக்கூடாது.

பஸ்ஸில் மருமகள் அழுதுகொண்டே வந்தாள். தெக்லாக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காற்று வாங்கினாள். வல்லநாடு மலை வந்ததா என்று இரண்டு தடவை கேட்டாள். வந்ததும் சொன்னேன்.

கண்ணுக்குப் பாதுகாவலியான புனித லூசியம்மாளுக்கு ஒன்பது நாள் ஜெபம் தொடங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

தெக்லாக்கா வந்தாள். வீட்டில் அருவாமனையை எடுத்து ஒளித்துவிட்டார்களாம். அடுப்புக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு மறித்துவிட்டார்களாம். “பாலைக்கூட ஆத்திக் குடுக்காளுவ” என்றாள்.

“நான் எல்லாத்தையும் பார்த்துச் சொல்றேங்க, நீங்க ஆடுங்க” என்றாள் சுடர்.

“நீ வேண்டாம்மா. ஒனக்கு இரக்கம் சாஸ்தி. எமரன்சி சொல்லட்டும். அவதான் பொல்லாதவ.”

எதிரிக்கு நானே கண். நாலாவது கொழுந்தனை நான் சுட்டேன், அவனும் விழுந்தான். அவளிடம் மிச்சம் மூத்தவன் சவேரி ஒருவன்தான். அவள் தெரசாவைச் சுட்டாள். பகடை உருண்டது. தலையைச் சாய்த்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, “என்னட்டி?” என்றாள்.

இரண்டு விழுந்திருந்தது.

அந்த முகத்தைப் பார்த்தேன். வாயிலிருந்து தானாக வந்தது. “ஆறுக்கா. தெரசா செத்துட்டா.”

அவள் சிரிக்கவில்லை. கை மேசையின்மேல் நகர்ந்து பகடையைக் கண்டுபிடித்தது. சுடர் அச்சடித்த பகடை, புள்ளிகள் குழி குழியாக இருக்கும். கட்டை விரலால் தடவினாள்.

“இது ரெண்டுட்டி.”

பகடையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

“பாவம் பாக்குத ஆளு எங்க வீட்டுலயே ரெண்டு பேரு இருக்கு. அதுக்கு நான் ஏன் இத்தனை படி ஏறி வரணும்?”

எழுந்துவிட்டாள். சுடர்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். மணி மூன்றே முக்கால்.

எனக்கு நூறு படி உயரத்திலிருந்து விழுந்தது போல இருக்கிறது. எங்கள் மாடிப்படி பதினாறுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாவசங்கீர்த்தனம். இந்த முறை ஞாபகம் வந்தது. ஏழு, பிறகு ஒன்று.

ஏப்ரல் 9, புதன்

ஊறுகாய்க்கு நார்த்தங்காய் அறுத்தேன். மத்தியானம் மறுபடி கனவு. உப்பு வெளி. இந்த முறை நான் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டு முன்னால் நடக்கிறேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது, திரும்பினால் ஆளில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டே போகிறேன். இங்கே பள்ளம், இங்கே கல்.

ஏப்ரல் 10, வியாழன்

தெக்லாக்கா வீட்டுக்குப் போனேன். மருமகள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். தெக்லாக்கா மூடிய கண்ணோடு மல்லாந்து கிடந்தாள். நான் வந்தது தெரிந்தும் பேசவில்லை. என்னென்னவோ சொல்ல நினைத்துப் போனேன். எல்லாம் மன்னிப்பு ஜெபம் மாதிரி இருந்தது. அதனால் வேறு சொன்னேன்.

“சனிக்கிழமை ஒங்க சவேரியக் கொல்லப் போறேன். வந்தா வாங்க.”

கண் மூடியபடியே உதடு கோணியது.

“வாய்தான் இருக்கு ஒனக்கு” என்றாள்.

ஏப்ரல் 12, சனி

வந்தாள். மருமகள் கீழே வரை கொண்டுவந்து விட்டாள். பதினாறு படியையும் எண்ணிக்கொண்டு தானாக ஏறினாள்.

செத்தது செத்ததுதான், பிழைத்தது பிழைத்ததுதான் என்று பேசிக்கொண்டோம். தெரசா உயிரோடு என்றால் எனக்கு ஆள் கூடிவிடும். ஆனாலும் அவள் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றதும் நான்தான். அது என் பொய்க்கு விலை. தெக்லாக்கா சரி என்றாள். என் பக்கம் அகத்தாள், செசிலி. அவள் பக்கம் சவேரி. மூவரும் கிணற்றுக்குப் பக்கத்தில்.

சுடருக்கு ஆபீஸ் அழைப்பு வந்து உள்ளறைக்குப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும். இரண்டு சூரியன்.

“சவேரிக்கு முன்னால என்ன இருக்கு?”

முழங்காலில் நின்று சவேரியின் தலைக்கு நேராகக் கண்ணை வைத்தேன். இது வரை நான் அந்தப் பக்கமிருந்து பார்த்ததே இல்லை. “நேரா பாத்தா வெள்ளையா ஒரு சரிவு. உப்பு உருகி வழிஞ்சு வாய்க்கா மாதிரி ஓடுது. அதுல மஞ்சச் சூரியன் விழுந்து கிடக்கு. சரிவுக்கு அந்தப் பக்கம் கிணறு. இடது கைப் பக்கம் அகத்தாள், முழுசா மறைஞ்சிருக்கா. ஒண்ணுமே தெரியல.”

“வலது?”

வலப்பக்கம் ஒரு பாறை. பாறைக்குப் பின்னால் செசிலி. அவளுடைய தோள் ஒரு அரிசி அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் அது தெரியாது.

“பாறை. பாறைக்கு வெளிய செசிலி தோள் தெரியுது. அரிசி அத்தனை.”

“அரிசி போதும்” என்றாள் தெக்லாக்கா. பகடையைக் கைக்குள் வைத்து ஊதி உருட்டிவிட்டாள். அது சரிவில் மோதி நின்றது. அவளுக்கு இன்னும் ஒரு புள்ளி போதும். ஒன்று கூட்டிச் சொன்னால் மத்தியானம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருப்பாள். கூட்டிச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது, எழுதிவிடுகிறேன்.

“என்னட்டி?”

“நாலு.”

அவள் கை எழுந்தது. உப்பின்மேல் விரல்களை நடக்க விட்டுப் பகடையை நோக்கி வந்தது. பகடைக்கு ஒரு சாண் இருக்கும்போது கை நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு திரும்பி அவள் மடிக்குப் போய்விட்டது.

“சரி. ஒன் முறை. சுடு.”

சுட்டேன். ஆறு. ஆறு என்று சொன்னேன்.

“செத்துட்டானா?”

“செத்துட்டான்.”

“எப்படி விழுந்தான்? சும்மா சாச்சு வைக்காதட்டி. சொல்லு.”

சொன்னேன். மல்லாக்க விழுந்தான், உப்புத் தூள் முட்டளவு எழும்பி மெதுவாக இறங்கியது, முதலில் ஒரு நிழல் போனது, அப்புறம்தான் இன்னொரு நிழல், கை மட்டும் கிணற்றுப் பக்கம் நீண்டிருந்தது என்று சொன்னேன். வரும் வார்த்தையெல்லாம் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். சன்னமாக, “சவேரி, மூதி” என்றாள். கோபமா பாசமா தெரியவில்லை.

செசிலியை ஆறு அங்குலம் நகர்த்திக் கிணற்றடியில் நிறுத்தினேன். ஆட்டம் முடிந்தது.

“தண்ணி கிடக்கா?” என்றாள்.

“எங்க?”

“கிணத்துலட்டி. ஏழு வாரமா இதுக்குத்தானே அடிச்சுக்கிட்டோம். எட்டிப் பாரு.”

குனிந்து பார்த்தேன். பலகையில் துளை போட்டுக் கறுப்பு அடித்திருக்கிறாள் சுடர். விளக்கு இரண்டும் உள்ளே எட்டவில்லை. கண்ணை இடுக்கி எவ்வளவோ பார்த்தேன்.

“தெரியலக்கா. ஒரே இருட்டு.”

தெக்லாக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு, உடம்பு குலுங்க, கண்ணில் விட்ட மருந்தெல்லாம் வழிய வழியச் சிரித்தாள்.

“வா, ஒனக்கும் சொட்டு மருந்து விடச் சொல்லுதேன்” என்றாள்.